கண் சத்து மாத்திரை: பெட்டியின் பின்புறம் சொல்வது என்ன, யாருக்கு அது ஆகும்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மருந்துக்கடைக்குச் சென்று கண்ணுக்குச் சத்து மாத்திரை வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே சாயலில் அமைந்த பெட்டிகளைத்தான் எடுத்துத் தருகிறார்கள். முகப்பில் ஒரு பெரிய கண், அதன் பக்கத்தில் ஒரு கேரட், உள்ளே ஒரு மாதத்துக்கான 30 கேப்சூல்கள், விலை 600 ரூபாய்க்கு மேல். அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் தங்கச்சிமடத்தில் வசிக்கும் என் தாயார், கண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததன் பேரில், ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் சாப்பிட்டு வருகிறார். அவருக்கு அது தேவையானது. ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் அதையே வாங்கத் தொடங்கினார்கள். ஒருவர் கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கும் மீனவர், இன்னொருவர் வெள்ளெழுத்தால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரமப்படும் தையற்காரர், மற்றொருவர் பொழுது சாய்ந்தால் நடக்கத் தடுமாறும் குழந்தையின் தாய். இம்மூவருக்கும் இந்தப் பெட்டி உதவாது. குழந்தையைப் பொறுத்தவரை, இதை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்தானது. இவற்றுக்கான காரணம் முழுவதும் பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் சொற்களிலேயே இருப்பதால், அந்தச் சொற்களின் வழியாகவே இந்தப் பொருளை மதிப்பிடுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடாததற்குக் காரணம், ஏறத்தாழ இதே சேர்மானம் பல பெயர்களில் விற்கப்படுவதும், நான் சொல்லப் போவது சேர்மானத்தைப் பற்றியது என்பதுமே.

முதலில், இது மருந்தா என்ற கேள்வி. பெட்டியின் ஓரத்தில் 14 இலக்கங்கள் கொண்ட உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருள்படும் வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. மருந்துக்கடையில் மருந்துகளோடு ஒரே அலமாரியில் நின்றாலும், சட்டத்தின் பார்வையில் இது உணவு வகையைச் சேர்ந்த ஊட்டச்சத்துத் துணைப்பொருள். ஒரு மருந்து சந்தைக்கு வருவதற்கு முன் கடக்க வேண்டிய சோதனைகளை இது கடக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் இதற்கு இல்லை. அதனால்தான் முகப்பில் 'பார்வை நலனுக்குத் துணை' என்று பட்டும் படாமலும் எழுதியிருக்கிறார்கள். விற்பவர் வாய்மொழியாகப் 'பார்வை தெளிவாகும்' என்று சொல்வது பெட்டியில் எங்குமே எழுதப்படாத வாக்குறுதி.

சேர்மானப் பட்டியலில் முதலில் வருபவை லூட்டின் 10 மில்லிகிராம், சீயாக்சாந்தின் 2 மில்லிகிராம். இவை வைட்டமின்கள் அல்ல. மிகச் சிறிய அளவில் தேவைப்படுவதும், உடல் தன் தேவைக்குப் போதுமான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள இயலாததும், குறைந்தால் ஒரு குறிப்பிட்ட நோயாக வெளிப்படுவதுமான கரிமப் பொருளைத்தான் வைட்டமின் என்கிறோம். லூட்டின் குறைவால் வரும் நோய் என்று எதுவும் வகுக்கப்படவில்லை. லூட்டினும் சீயாக்சாந்தினும் கேரட்டினாய்டு என்னும் மஞ்சள், செம்மஞ்சள் நிறமிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீரைகளிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் மக்காச்சோளத்திலும் இருக்கின்றன. கேப்சூலுக்கான லூட்டினைச் செண்டுமல்லிப் பூவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். இந்த நிறமிகள் உடலில் குறிப்பாகச் சென்று சேரும் இடம்தான் முக்கியமானது. கண்ணின் உட்புறத்தில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் விழித்திரை, அதாவது ரெட்டினா. அதன் நடுவில், எழுத்தைப் படிப்பதற்கும் முகத்தை அடையாளம் காண்பதற்கும் பயன்படும் சிறு பகுதிக்கு மாக்குலா என்று பெயர். லூட்டினும் சீயாக்சாந்தினும் அங்கே செறிந்திருந்து நீல ஒளியின் ஒரு பங்கை வடிகட்டுகின்றன.

என் தாயாருக்கு ஏற்பட்டிருப்பது அந்த மாக்குலாவில்தான். சன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிகின்றன என்று அவர் சொன்னபோது, கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்து, முதுமை சார்ந்த மாக்குலா சிதைவு, உலர் வகை, இடைநிலை என்று எழுதினார். இந்த நான்கு சொற்களும் நான்கு தனித்தனிச் செய்திகள் என்பது பிறகுதான் விளங்கியது. முதுமை சார்ந்தது என்றால் ஐம்பது வயதுக்கு மேல் வருவது. மாக்குலா சிதைவு என்பதால் நடுப்பார்வைதான் பாதிக்கப்படும், பக்கவாட்டுப் பார்வை தங்கும். உலர் வகையில், விழித்திரையின் அடியில் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்ந்து, செல்கள் மெல்ல மெல்ல நலிகின்றன. ஈர வகையில் அதே இடத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முறையின்றி வளர்ந்து கசிவதால் பார்வை விரைவாகக் குறையும், அதற்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்தும் சிகிச்சை உண்டு. இடைநிலை என்பதுதான் இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சொல்.

ஏனென்றால் இந்தச் சேர்மானம் ஒரு குறிப்பிட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்ட ஏரெட்ஸ் என்னும் ஆய்வில், வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் இ 400 ஐ.யு. (பன்னாட்டு அலகு), பீட்டா கேரட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இடைநிலையில் இருந்தவர்களிலும், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியிருந்தவர்களிலும், வெற்று மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு ஐந்தாண்டுகளில் நோய் முற்றிய நிலைக்குச் சென்றது. சத்து மாத்திரை பெற்றோரில் அது 20 பேராகக் குறைந்தது. தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் அத்தகைய பயன் தென்படவில்லை. கண்புரை வருவதையும் அது தடுக்கவில்லை. இழந்த பார்வை திரும்பியதாகவும் ஆய்வு சொல்லவில்லை. முற்றுவதைத் தாமதப்படுத்தியது என்பதே அதன் முடிவு. என் தாயாரின் பார்வை இந்த ஓராண்டில் கூடவில்லை, கூடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. குறையாமல் இருப்பதே இந்த மாத்திரையிடம் கேட்கத்தக்கது. அதிலும் எவ்வளவு பங்கு மாத்திரையால் வந்தது என்பதை ஒரே ஒருவரின் கண்ணை வைத்துக் கணிக்க முடியாது.

இப்போது பெட்டியின் முகப்பிலுள்ள கேரட்டுக்கு வருவோம். கேரட் என்றதும் நினைவுக்கு வருவது பீட்டா கேரட்டின். ஆனால் சேர்மானப் பட்டியலில் அது இல்லை. படம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்பதைக் குறையாகச் சொல்வேன். பீட்டா கேரட்டின் சேர்மானத்தில் இல்லாமலிருப்பதையோ பெரிய நிறைவாகச் சொல்வேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கேரட்டின் மாத்திரை கொடுத்து நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 2013-ல் வெளிவந்த ஏரெட்ஸ் இரண்டாம் ஆய்விலும் பீட்டா கேரட்டின் பெற்ற பிரிவில் அந்தப் புற்றுநோய் கூடுதலாகத் தென்பட்டது, அதுவும் பெரும்பாலும் முன்பு புகைத்து நிறுத்தியவர்களிடம். அதே ஆய்வில்தான் அதற்குப் பதிலாக லூட்டின் 10, சீயாக்சாந்தின் 2 மில்லிகிராம் என்ற இணை பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் பழைய சேர்மானத்தோடு பீட்டா கேரட்டின் உள்ள பெட்டிகள் இன்னும் கடைகளில் நிற்கின்றன. இரவெல்லாம் கடலில் விழித்திருக்கையில் பீடி பற்ற வைக்கும் பழக்கம் நம் கரையில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பீடியோ சிகரெட்டோ பிடிப்பவரும், விட்டுவிட்டவரும், பீட்டா கேரட்டின் சேர்த்த கண் மாத்திரையைத் தொடவே கூடாது. கேரட்டையும் கீரையையும் உணவாகச் சாப்பிடுவதற்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. ஆய்வில் தீங்கு காட்டியது மாத்திரையாகக் கொடுத்த பெரிய அளவு.

அடுத்து, அளவுகள். இந்தப் பெட்டியைப் பற்றிய என் முதன்மையான குறை இங்கேதான். லூட்டினும் சீயாக்சாந்தினும் ஆய்வில் கொடுத்த அளவுக்குச் சரியாக இருக்கின்றன. ஆனால் வைட்டமின் சி 40 மில்லிகிராம் மட்டுமே, ஆய்வில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வைட்டமின் இ 10 மில்லிகிராம். ஆய்வு அதை ஐ.யு. கணக்கில் சொல்வதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஐ.யு. என்பது எடையை அளக்கும் அலகு அன்று, உடலில் விளையும் விளைவை வைத்து வகுத்த அலகு. ஆகையால் ஒவ்வொரு வைட்டமினுக்கும் அதன் எடை வேறுபடும். இயற்கை வகை வைட்டமின் இ-யில் ஒரு ஐ.யு. ஏறத்தாழ 0.67 மில்லிகிராம், அப்படிப் பார்த்தால் 400 ஐ.யு. என்பது 268 மில்லிகிராம் அளவு. பெட்டியிலிருப்பது அதற்கு எட்டாத தூரம். துத்தநாகம் 12 மில்லிகிராம். 80 மில்லிகிராம் சிலருக்கு வயிற்றைப் புரட்டுவதால் இரண்டாம் ஆய்வில் 25 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்து, பெரிய வேறுபாடு காணவில்லை. அந்த 25-ல் இது ஏறக்குறையப் பாதி. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்ட சேர்மானம்' என்று விற்பனைத் தாளில் எழுதியிருப்பது பொருட்களின் பெயர்களுக்குப் பொருந்துகிறது, அளவுகளுக்குப் பொருந்தவில்லை. இதை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபோது, அவர் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு, வைட்டமின் சி-யையும் இ-யையும் தனியாகச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படிச் சேர்க்கலாம் என்று இதைக் கொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் இ-யின் பெரிய அளவு ஆகாது. துத்தநாகத்துடன் செம்பு ஏன் வருகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது: துத்தநாகம் மிகுந்தால் குடல் செம்பை ஏற்பது குறைந்து இரத்தசோகை வரலாம் என்பதால் அதை ஈடுகட்டச் செம்பைச் சேர்க்கிறார்கள். பட்டியலில் துத்தநாகம் அதிகமாக இருந்து செம்பு இல்லாத பெட்டி நல்ல சேர்மானம் அன்று.

பட்டியலின் அடிவரிசையில் வைட்டமின் ஏ 600 மைக்ரோகிராம் என்று ஒரு வரி இருக்கிறது. மாலையில் தடுமாறும் குழந்தையின் தாய் இந்தப் பெட்டியை நாடியது இந்த ஒரு வரிக்காகத்தான். யாரோ அவரிடம் 'கண்ணுக்கு ஏ வைட்டமின்' என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரி, வாங்கச் சொன்ன பொருள் தவறு. வைட்டமின் ஏ-யின் வேதிப்பெயர் ரெட்டினால். விழித்திரையில் மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களில் ரோடாப்சின் என்னும் ஒளிநிறமி இருக்கிறது. ஆப்சின் என்ற புரதத்தோடு வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு பொருந்தி அது உருவாகிறது. ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு வடிவம் மாறி விலகுகிறது. அந்த மாற்றமே பார்வைக் குறிப்பாக மூளைக்குச் செல்கிறது. மறுபடி இருட்டில் பார்க்க நிறமி மீண்டும் சேர வேண்டும், அதற்கு வைட்டமின் ஏ கையிருப்பு வேண்டும். இந்தச் சுழற்சியை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. கையிருப்பு தீர்ந்தால் பகலில் ஓடியாடும் குழந்தை விளக்கு வைக்கும் நேரத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். கீழே கிடக்கும் தட்டு தெரியாமல் மிதிக்கும். அதுதான் மாலைக்கண்.

மாலைக்கண் தொடக்கம் மட்டுமே. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் எல்லா நிலைகளையும் சேர்த்து மருத்துவத்தில் சீராஃப்தால்மியா என்கிறார்கள். வறண்ட கண் நோய் என்பது பொருள். முதலில் விழிவெண்படலம் பளபளப்பிழந்து வறளும். பின்னர் கருவிழிக்குப் பக்கத்தில், வெண்விழியில், சோப்பு நுரை ஒட்டியது போன்ற சாம்பல் கலந்த வெண்திட்டு தோன்றும். 1863-ல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதற்குப் பிட்டோ திட்டு என்று பெயர். இந்த நிலை வரை கருவிழி தப்பியிருக்கும். அடுத்துக் கருவிழி வறண்டு, புண்ணாகி, இறுதியில் இளகிக் கரையும். கெரட்டோமலேசியா என்னும் அந்த நிலைக்குப் பின் பார்வையை மீட்பது அரிது. தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்த ஊட்டம் குறைந்த குழந்தைக்கு இந்தப் படிகளைக் கடக்க மிகக் குறுகிய காலமே போதும். இதற்கான சிகிச்சை மருந்துக்கடைப் பெட்டியில் இல்லை. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 2 இலட்சம் ஐ.யு. உடனே, மறுநாள் ஒரு முறை, சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு முறை என்று மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பது. ஒரு ஐ.யு. ரெட்டினால் 0.3 மைக்ரோகிராம் என்பதால், பெட்டியின் 600 மைக்ரோகிராம் 2,000 ஐ.யு.தான்; சிகிச்சை அளவில் நூறில் ஒரு பங்கு. தடுப்புக்கான எண்ணெய்க் கரைசலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் காசின்றிக் கிடைக்கிறது: ஒன்பதாம் மாதத்தில் 1 இலட்சம் ஐ.யு., பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை 2 இலட்சம் ஐ.யு., ஐந்து வயது வரை. அந்தக் குழந்தையின் தாயிடம் என் தாயார் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பாம்பனில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துப் போகச் சொன்னார். குழந்தைக்குக் குறைபாடு இல்லாமல் பிறவியிலேயே வரும் விழித்திரை நோயாலும் மாலைக்கண் வரும் என்பதால், மருந்து கொடுத்தும் மாறாவிட்டால் கண் மருத்துவரைக் காண வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு இந்த 600 மைக்ரோகிராம் தீங்கு செய்யாது. ஆனால் வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது; ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் அவ்வகை. பி தொகுதியும் சி-யும் நீரில் கரைபவை. அவற்றில் மிஞ்சுவதைப் பெரும்பாலும் சிறுநீர் வெளியேற்றிவிடும். வைட்டமின் ஏ-யோ ஈரலில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பெரியவர்களுக்கு ரெட்டினாலாக ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து போகலாகாது. கருவுற்ற பெண்ணுக்கு அதன் மிகை கருவின் உறுப்பு வளர்ச்சியையே கெடுக்கும். கண் மாத்திரை, பலசத்து மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை என மூன்றையும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் பெட்டிகளை வரிசையாக வைத்து ஏ-யின் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கேரட்டினாய்டிலிருந்து உடல் தனக்கு வேண்டிய அளவே ரெட்டினாலை உண்டாக்கிக்கொள்வதால் கீரையாலும் பழத்தாலும் இந்த மிகை வராது; மிகுதியாக உண்டால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான், வெண்விழி மஞ்சளாகாது என்பதால் அதைக் காமாலையோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

மீன் ஈரல் எண்ணெய் என்றேன். மீன்பிடி ஊர்களில் வாழும் நமக்கே இதில் குழப்பம் இருக்கிறது. கடையில் இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும் மஞ்சள் நிற மீன் எண்ணெய் மாத்திரைகள் இரு வகை. ஒன்று மீனின் ஈரலிலிருந்து எடுத்தது. அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிந்திருக்கும். சுறா ஈரலிலிருந்து எண்ணெய் காய்ச்சிய தலைமுறையினர் அறிந்தது இந்த வகையை. மற்றொன்று கொழுப்பு மிகுந்த மீனின் உடலிலிருந்து எடுத்தது. அதில் இருப்பது ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலங்கள், வைட்டமின் ஏ-க்காக அதை நம்ப முடியாது. பட்டியலில் ஒமேகா-3 அமிலங்களான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. மட்டும் இருந்து வைட்டமின் ஏ-யும் டி-யும் இல்லாவிட்டால் இரண்டாம் வகை. ஏரெட்ஸ் இரண்டாம் ஆய்வில் ஒமேகா-3-ஐயும் சேர்த்துப் பார்த்தார்கள். மாக்குலா சிதைவு முற்றுவதைத் தடுப்பதில் கூடுதல் பயன் தென்படவில்லை. ஒமேகா-3 வேண்டுமென்றால் சாளை மீன் கூறு கட்டி விற்கும் கரையில் அதற்கு மாத்திரை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே நேரத்தில், நாம்தான் தினமும் மீன் சாப்பிடுகிறோமே, வைட்டமின் ஏ குறையாது என்று நினைப்பதும் சரியன்று. மீனின் சதையில் அது குறைவு, ஈரலில்தான் மிகுதி. கடற்கரைச் சமையலில் மீன் குழம்பு இருக்கும் நாளில் கீரை இராது என்பது பல வீடுகளின் வழக்கம். மணற்பாங்கான நம் கொல்லைகளிலும் தழைக்கும் முருங்கையின் இலை பீட்டா கேரட்டின் நிறைந்தது. பனம்பழத்தின் செம்மஞ்சள் சதையிலும் கேரட்டினாய்டுகள் உண்டு. உணவிலுள்ள பீட்டா கேரட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் உடலுக்கு 1 மைக்ரோகிராம் ரெட்டினால் கிடைக்கும் என்பது கணக்கு. அதுவும் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் நன்றாக ஏறும். ஆகவே முருங்கைக்கீரையை வெறும் நீரில் வேகவைத்துக் குடிப்பதைவிடத் தேங்காய் சேர்த்துப் பொரியலாக்குவது மேல்.

மற்ற இருவரின் செய்தி சுருக்கமானது. மீனவரின் கண்ணில் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதைக்கு டெரிஜியம் என்று பெயர். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் தூசியும் காரணம். கடலில் கதிர் மேலிருந்தும் நீரில் பட்டுக் கீழிருந்தும் வருகிறது. வாலிநோக்கம் உப்பளங்களில் வெள்ளைப் பாத்திகளிலிருந்து வருவதும் அப்படியே. அதற்கு வேண்டியது அகன்ற விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், சதை கருவிழியின் நடுவை நெருங்கினால் அறுவையும். எந்த வைட்டமினும் அதைச் சுருக்காது. தையற்காரருக்கு வந்திருக்கும் வெள்ளெழுத்து, நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்ச்சியிழப்பதால் வருவது. சீட்டில் கூட்டல் குறியுடன் எழுதப்படும் டயாப்டர் எண்ணுக்கு ஏற்ற படிக்கும் கண்ணாடி போதும், அதன் விலை இந்தப் பெட்டியின் ஒரு மாத விலைக்குள் அடங்கும். வில்லையே மங்கிப்போவது கண்புரை. அதற்கு அறுவை மட்டுமே வழி. கண் நீர் அழுத்த நோய்க்கும் சர்க்கரையால் வரும் விழித்திரை நோய்க்கும் இந்தப் பெட்டியில் பதில் இல்லை. அவை வலியில்லாமல் வளர்பவை என்பதால், சத்து மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் இப்பொருளால் விளையக்கூடிய பெருந்தீங்கு என்று நான் கருதுகிறேன்.

பயன்படுத்தும் வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேப்சூல் பெரியது; என் தாயார் தொடக்கத்தில் விழுங்கச் சிரமப்பட்டார். கொழுப்பில் கரையும் பொருட்கள் மிகுதியாக இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர்; வெறும் வயிற்றில் எடுத்த நாட்களில் துத்தநாகத்தால் குமட்டல் வந்தது. மேலுறை ஜெலட்டினால் ஆனது, பழுப்பு நிற அசைவக் குறியும் இருக்கிறது. ஆனால் எந்த விலங்கின் ஜெலட்டின் என்று எழுதவில்லை. சைவம் உண்பவர்களுக்கும், கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஹலால் பார்த்து வாங்குபவர்களுக்கும் இது பெருங்குறை. தாவர உறையில் இதே சேர்மானம் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். 25 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் கரையில் எந்த அறையிலும் அந்த வெப்பநிலை இருக்காது. புட்டியில் வரும் வகையை வாங்கிய மாதம் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அலுமினிய அட்டையில் தனித்தனியாக அடைத்து வருவதே உப்புக்காற்றுக்குத் தாங்குகிறது.

என் தாயாருக்கு இந்தப் பெட்டியைத் தொடர்ந்து வாங்குவேன். மருத்துவர் விழித்திரையைப் பார்த்து இடைநிலை மாக்குலா சிதைவு என்று எழுதியவர்களுக்கு, அளவுக் குறைகளை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு, இதை வாங்கலாம் என்பேன். மற்ற யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாத்திரையோடு அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டம் போட்ட தாளையும் குறிப்பிட வேண்டும். ஆம்ஸ்லர் கட்டம் என்று அதற்குப் பெயர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படிக்கும் கண்ணாடியோடு, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். பின்னர் மறு கண். கோடுகள் முன்னைவிட அதிகமாக வளைந்தாலோ நடுவில் புதிதாகக் கரும்புள்ளி தோன்றினாலோ உலர் வகை ஈர வகையாக மாறுகிறது என்று சந்தேகித்து, அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்தத் தாள் விலையில்லாதது. இந்த நோயில் மாத்திரைக்குச் சற்றும் குறையாத பயனுடையது.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு முறை வழக்கமான பெட்டி இருப்பில் இல்லாதபோது கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைத்து, "எல்லாம் ஒண்ணுதான்க்கா, கம்பெனிதான் வேற" என்றார். அதன் முகப்பிலும் ஒரு கண், ஒரு கேரட். திருப்பிப் பார்த்தால் லூட்டின் 2 மில்லிகிராம், துத்தநாகத்துக்குத் துணையாகச் செம்பு இல்லை, பீட்டா கேரட்டின் 15 மில்லிகிராம். விலை மட்டும் 50 ரூபாய் குறைவு. அதை வாங்காமல், வழக்கமான பெட்டி வரும் வரை சில நாட்கள் மாத்திரையின்றி இருந்தார் என் தாயார். பல ஆண்டுகள் நீளும் இந்தச் சிகிச்சையில் அந்தச் சில நாட்களால் எதுவும் குறைந்துவிடாது என்று மருத்துவரும் சொன்னார். பழைய பெட்டியின் சேர்மானப் பக்கத்தை வெட்டி எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கடையில் புதியது எதைத் தந்தாலும், அதனோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்கிறேன்.